தேவிபட்டினம் கரையில் பார்த்த வால்நட்சத்திரம்: அது எவ்வளவு பழையது, எவ்வளவு ஆபத்து?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். 2024 செப்டம்பர் கடைசியில், விடியலுக்கு முன், தேவிபட்டினம் கரையில் நின்று கிழக்கே ஒரு வால்நட்சத்திரத்தைப் பார்த்திருக்கிறீர்கள். பிறகு வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்திருக்கிறது. பிரபஞ்சம் பிறந்தபோது சிதறிய துண்டுகள்தான் வால்நட்சத்திரங்கள், அப்படி ஒன்று பூமியில் மோதப் போகிறது, விஞ்ஞானிகள் தெரிந்தே மறைக்கிறார்கள் என்று அது சொல்கிறது. இது உண்மையா, நம் கடலில் விழுந்தால் ராமநாதபுரம் கரை என்ன ஆகும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

உண்மையில் இதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. அந்தப் பொருளின் வயது என்ன? அப்படி ஒன்று மோத எவ்வளவு வாய்ப்பு, மோதுமென்றால் முன்கூட்டியே தெரியுமா? விழுந்தால் உங்கள் கரைக்கு என்ன ஆகும்? வான்பொருள்களின் பாதைக் கணக்கோடு நீண்ட காலம் புழங்குகிறவன் என்ற முறையில், எது உறுதியானது, எது இன்னும் விவாதத்தில் இருக்கிறது என்று பிரித்துச் சொல்கிறேன். உங்களைத் தேற்றுவதற்காக எதையும் குறைத்துச் சொல்லப் போவதில்லை.

வயதிலிருந்து தொடங்கலாம், வீடியோவின் பெரிய பிழை அங்கேதான் இருக்கிறது. பிரபஞ்சத்தின் வயது சுமார் 1,380 கோடி ஆண்டுகள். சூரியனும் அதைச் சுற்றும் எல்லாமும் உருவாகி சுமார் 457 கோடி ஆண்டுகள் ஆகின்றன. வால்நட்சத்திரங்கள் இந்த இரண்டாவது கணக்கைச் சேர்ந்தவை. இரண்டுக்கும் இடையில் 900 கோடி ஆண்டுகளுக்கு மேல் இருக்கின்றன, அந்தக் காலத்தில் பல தலைமுறை விண்மீன்கள் பிறந்து எரிந்து அழிந்தன. அவை அழிந்திராவிட்டால் வால்நட்சத்திரம் என்ற பொருளே உருவாகியிருக்க முடியாது. பெருவெடிப்புக்குப் பிந்தைய முதல் இருபது நிமிடங்களில் உருவானவை ஹைட்ரஜன், ஹீலியம், மிகச் சிறிதளவு லித்தியம், அவ்வளவுதான். பனிக்கட்டிக்கு ஆக்சிஜன் வேண்டும். தூசிக்கு சிலிக்கான், மக்னீசியம், இரும்பு வேண்டும். வால்நட்சத்திரத்தின் நடுவில் உள்ள திடப்பகுதியான கருவைக் கரிபோல் கருப்பாக்கும் பொருளுக்குக் கார்பன் வேண்டும். இவை அத்தனையும் விண்மீன்களுக்குள் உருவாகி, அவை அழியும்போது வெளியே வந்தவை. ஆகவே வால்நட்சத்திரத்தைப் பிரபஞ்சத்தின் முதல் துண்டு என்று சொல்வது தவறு.

ஆனால் அதற்குள்ளே பிரபஞ்சத்தின் தொடக்கத்திலிருந்தே வரும் ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லாமல் போனால் பதில் பாதிதான். நீரில் உள்ள ஹைட்ரஜன் அணுக்கள் அந்த முதல் நிமிடங்களைச் சேர்ந்தவை. அதிலும் ட்யூட்டீரியம் எனப்படும் கன ஹைட்ரஜன் சிறப்பானது, ஏனென்றால் விண்மீன்கள் அதை உருவாக்குவதில்லை, எரித்து அழிக்கத்தான் செய்கின்றன. இன்று எங்கே ட்யூட்டீரியம் இருந்தாலும் அது கிட்டத்தட்ட முழுக்கப் பெருவெடிப்பில் உருவானது. கல்பாக்கம் அணு உலையில் பயன்படும் கனநீரில் இருப்பதும் அதுதான். உங்கள் கரையில் ஒரு லிட்டர் கடல்நீரை மொண்டு எடுத்தால் அதில் 30 மில்லிகிராமுக்குக் கொஞ்சம் கூடுதலாக ட்யூட்டீரியம் இருக்கும். பிரபஞ்சத்தின் முதல் சில நிமிடங்களில் உருவான பொருளைத் தேடி விண்வெளிக்குப் போக வேண்டியதில்லை, நீங்கள் கால் நனைக்கும் நீரிலேயே அது இருக்கிறது.

இந்த ட்யூட்டீரியத்தின் விகிதம்தான் ஒரு பனிக்கட்டி எங்கே, எந்தக் குளிரில் உறைந்தது என்பதைக் காட்டிக்கொடுக்கும். தொடக்கத்தில் ஏறக்குறைய 40,000 ஹைட்ரஜனுக்கு ஒரு ட்யூட்டீரியம் இருந்தது. நம் கடலில் 6,400க்கு ஒன்று. 2014இல் ரொசெட்டா விண்கலம் 67பி சுர்யுமோவ்–கெராசிமென்கோ என்ற வால்நட்சத்திரத்தை அடைந்து அளந்தபோது 1,900க்கு ஒன்று என்று வந்தது. மைனஸ் 240 டிகிரி செல்சியஸ் அளவிலான குளிரில் நடக்கும் வேதிவினைகள் ட்யூட்டீரியத்தை நீருக்குள் அதிகமாக இழுத்துக்கொள்ளும். விகிதம் இப்படி ஏறுவது அதனால்தான். இதுவரை உறுதி. இதிலிருந்து அடுத்த படிக்குப் போனால் விவாதம் தொடங்குகிறது. பூமியின் கடல்நீர் வால்நட்சத்திரங்களிலிருந்து வந்ததா? 67பியில் கிடைத்த எண் கடலைவிட மூன்று மடங்குக்கு மேல் இருந்ததால் பலரும் "இல்லை" என்றார்கள். அதற்கு முன்பே, 2011இல், ஹார்ட்லி 2 என்ற வால்நட்சத்திரத்தில் நம் கடலின் விகிதமே கிடைத்திருந்தது. 67பியைச் சுற்றியிருந்த தூசி அந்த அளவீட்டைக் கூட்டிக் காட்டியிருக்கலாம் என்று 2024இல் வந்த மறு ஆய்வு சொல்கிறது. நீரின் பெரும்பகுதி ஈரமான சிறுகோள்களிலிருந்து வந்திருக்கலாம் என்பது இன்று பலர் ஏற்கும் கருத்து. வால்நட்சத்திரங்களின் பங்கு எவ்வளவு என்பது முடிவாகவில்லை.

457 கோடி ஆண்டு என்ற எண் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். 1969இல் மெக்சிகோவில் விழுந்த அயெண்டே போன்ற விண்கற்களுக்குள் கால்சியமும் அலுமினியமும் நிறைந்த வெள்ளைத் துணுக்குகள் இருக்கின்றன. அவற்றில் யுரேனியம் ஈயமாக மாறியிருக்கும் அளவை வைத்து வயதைக் கணிக்கிறார்கள். ஸ்டார்டஸ்ட் விண்கலம் 2004இல் வைல்ட் 2 என்ற வால்நட்சத்திரத்தின் தூசியைப் பிடித்து 2006 ஜனவரியில் பூமிக்குக் கொண்டுவந்தது. அதிலும் அதே வகைத் துணுக்குகள் இருந்தன. இது எதிர்பாராதது. அந்தத் துணுக்குகள் சூரியனுக்கு அருகே, ஆயிரம் டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் உருவாகக்கூடியவை, வால்நட்சத்திரமோ தூரத்துக் குளிரில் சேர்ந்தது. சூரியக் குடும்பம் உருவானபோது உள்ளே இருந்த பொருள் வெளியே தூக்கிச் செல்லப்பட்டிருக்கிறது என்பது அதிலிருந்து தெரிந்தது.

சூரியனைவிடப் பழையதாக இருக்கக்கூடிய வால்நட்சத்திரமும் உண்டு. 2025 ஜூலை 1 அன்று சிலியில் உள்ள அட்லஸ் தொலைநோக்கி கண்டுபிடித்த 3ஐ/அட்லஸ் வேறொரு விண்மீனைச் சுற்றிப் பிறந்து நம் வழியாகக் கடந்து போகிறது. அது வெளியிலிருந்து வந்தது என்பது பாதைக் கணக்கால் உறுதி. அதன் வயது 700 கோடி ஆண்டு என்றெல்லாம் சொல்வது வேகத்தை வைத்துச் செய்யும் மதிப்பீடு, அதை அளவீடாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அதுவும் சுமார் 27 கோடி கி.மீ. தூரத்தைவிடப் பூமியை நெருங்கவில்லை. பிரபஞ்சத்தின் தொடக்கத்தைப் பற்றி உறுதியாகத் தெரிந்தவற்றை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: அது சூடாகவும் அடர்த்தியாகவும் இருந்தது, விரிந்தது, 3.8 லட்சம் ஆண்டுகள் கழித்து வெளிப்பட்ட ஒளியை 1965 முதல் அளந்து வருகிறோம். முதல் நொடியின் மிகச் சிறு பங்குக்குள் என்ன நடந்தது, அதற்கு முன் என்று ஒன்று உண்டா என்பதற்கு இன்று யாரிடமும் சோதிக்கப்பட்ட பதில் இல்லை. வால்நட்சத்திரம் அந்தக் கேள்விக்குச் சாட்சி சொல்லாது. நம் சூரியன் எப்படிப் பிறந்தது என்பதற்குத்தான் அது சாட்சி.

இனி மோதல். நீங்கள் பார்த்தது சி/2023 ஏ3, சூச்சின்ஷான்–அட்லஸ். 2024 செப்டம்பர் 27 அன்று சூரியனுக்கு மிக அருகில் வந்து, அக்டோபர் 12 அன்று பூமிக்கு மிக அருகில், அதாவது சுமார் 7 கோடி கி.மீ. தூரத்தில் கடந்தது. நிலா இருக்கும் தூரத்தைப்போல் ஏறக்குறைய 184 மடங்கு. அதிலிருந்து எந்த ஆபத்தும் இருக்கவில்லை.

பொதுவாக எவ்வளவு வாய்ப்பு என்பதை நீங்களே கையால் கணக்கிடலாம். பூமியின் ஆரம் 6,371 கி.மீ. சூரியனிலிருந்து அதன் தூரம் 14.96 கோடி கி.மீ. பூமியின் பாதையை ஆரமாகக் கொண்ட ஒரு பெரிய கோளத்தைக் கற்பனை செய்யுங்கள். அதன் மேற்பரப்பில் பூமியின் வட்டம் அடைத்துக்கொள்ளும் பங்கு, முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்து, வர்க்கம் எடுத்து, நான்கால் வகுத்தால் கிடைக்கும். 1,000 கோடியில் நாலரைப் பங்கு வரும். வால்நட்சத்திரம் உள்ளே வரும்போது ஒருமுறை, திரும்பும்போது ஒருமுறை அந்தக் கோளத்தைக் கடக்கும், ஆகவே இரண்டால் பெருக்குங்கள். 100 கோடியில் ஏறக்குறைய ஒன்று. பூமியும் நகர்கிறது, வால்நட்சத்திரம் சாய்வாகவும் கடக்கும் என்பதைச் சேர்த்து முழுக் கணக்குப் போட்டால் 100 கோடியில் இரண்டு, மூன்று என்று வரும். ஆண்டுக்குப் பத்து பெரிய வால்நட்சத்திரங்கள் பூமியின் பாதைக்குள் வருவதாக வைத்துக்கொண்டாலும் சுமார் 4 கோடி ஆண்டுகளுக்கு ஒரு மோதல்தான். அந்தப் "பத்து" என்ற எண் கணக்குக்காக வைத்துக்கொண்டது, அதில் இரண்டு மடங்கு கூடவோ குறையவோ செய்யலாம். கோடிகளில்தான் விடை வரும் என்பதில் மாற்றமில்லை.

பாதைகள் வெட்டிக்கொள்கின்றன என்று காட்டும் படங்கள் பயமுறுத்துவதற்குக் காரணம், அவற்றில் நேரம் தெரியாது. பூமி நொடிக்கு 29.8 கி.மீ. வேகத்தில் போகிறது, அதன் விட்டம் 12,742 கி.மீ. தன் சொந்த விட்டத்தைக் கடக்க அதற்கு ஏழு நிமிடம் போதும். இரண்டு பாதைகளும் ஒரே புள்ளியில் சந்தித்தாலும், வால்நட்சத்திரம் அந்தப் புள்ளிக்குப் பத்து நிமிடம் முந்தினாலோ பிந்தினாலோ மோதல் இல்லை.

மோதினால் என்ன ஆகும் என்பதில் சிறிதும் சந்தேகமில்லை. 1 கி.மீ. விட்டமுள்ள கருவை எடுத்துக்கொள்ளுங்கள். அடர்த்தி நீரைவிடக் குறைவு, கன மீட்டருக்கு 600 கிலோ என்று வைத்தால் எடை 31 கோடி டன். நொடிக்கு 50 கி.மீ. வேகத்தில் வந்தால் அதன் ஆற்றல் 90,000 மெகாடன்னுக்கு மேல். ஹிரோஷிமாவில் வெடித்தது 0.015 மெகாடன். இது வெறும் ஏட்டுக் கணக்கு இல்லை என்பதை 1994 ஜூலை 16 முதல் 22 வரை உலகமே பார்த்தது. ஷூமேக்கர்–லெவி 9 என்ற வால்நட்சத்திரம் இருபதுக்கும் மேற்பட்ட துண்டுகளாக உடைந்து, ஒவ்வொன்றாக வியாழனில் விழுந்தது. ஜி என்ற துண்டு விட்டுச்சென்ற கருந்திட்டு ஏறக்குறைய பூமியின் அகலம் இருந்தது. செவ்வாயும் மயிரிழையில் தப்பியது: 2014 அக்டோபர் 19 அன்று சைடிங் ஸ்பிரிங் என்ற வால்நட்சத்திரம் செவ்வாயிலிருந்து சுமார் 1.4 லட்சம் கி.மீ. தூரத்தில் கடந்தது. பூமிக்கும் நிலாவுக்கும் உள்ள தூரத்தில் அது மூன்றில் ஒரு பங்கைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். அதற்குச் சில வாரங்கள் முன்புதான், செப்டம்பர் 24 அன்று, நம் மங்கள்யான் அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. தூசி படாமல் இருக்க அந்த நேரத்தில் விண்கலங்கள் செவ்வாய்க்குப் பின்னால் மறையும்படி பாதையைச் சரிசெய்தார்கள்.

பெரும் வியாழன் நம்மை வால்நட்சத்திரங்களிலிருந்து காக்கிறது என்று பாடப் புத்தகங்களில்கூட எழுதுகிறார்கள். அதை உறுதியான உண்மையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வியாழன் சிலவற்றை வெளியே எறிகிறது, சிலவற்றை உள்ளே இழுத்தும் விடுகிறது. 1770இல் லெக்செல் வால்நட்சத்திரம் சுமார் 23 லட்சம் கி.மீ. தூரத்தில் பூமியைக் கடந்தது, பதிவானவற்றில் இதுவே மிக நெருக்கம். அதை நம் பக்கம் திருப்பிவிட்டதும் வியாழன், பிறகு 1779இல் தூக்கி எறிந்ததும் வியாழன்.

முன்கூட்டியே தெரியுமா என்பதுதான் நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டிய இடம். சிறுகோள்கள் விஷயத்தில் நிலைமை நன்றாக இருக்கிறது. 1 கி.மீ.க்கு மேற்பட்டவற்றில் 95 சதவீதத்துக்கு மேல் கண்டுபிடித்துப் பாதை கணக்கிட்டாயிற்று, அடுத்த நூறாண்டில் மோதக்கூடியது எதுவும் அவற்றில் இல்லை. 140 மீட்டர் அளவில் பாதிகூட இன்னும் கிடைக்கவில்லை. நீண்டகால வால்நட்சத்திரங்களில் நிலைமை வேறு. அவை ஊர்ட் மேகம் எனப்படும் வெகுதூர இருட்டிலிருந்து முதல்முறையாக வருகின்றன, சூரிய வெப்பம் பட்டு வாயு கிளம்பும்வரை கண்ணில் படாது. சி/2023 ஏ3 சூரியனை நெருங்குவதற்கு இருபது மாதம் முன்பு கிடைத்தது. சைடிங் ஸ்பிரிங் 22 மாதம் முன்பு. 1996இல் ஹியாகுடாகே ஜனவரி 30 அன்று கண்டுபிடிக்கப்பட்டு, மார்ச் 25 அன்று 1.5 கோடி கி.மீ. தூரத்தில் கடந்தது. 1983இல் ஐராஸ்–அராகி–ஆல்காக் கண்டுபிடித்து இரண்டே வாரத்தில் சுமார் 47 லட்சம் கி.மீ. தூரத்தில் போய்விட்டது. இன்றைய தொலைநோக்கிகள் அன்றைவிட மேலானவை, சிலியில் 2025இல் முதல் படங்களை எடுத்த வேரா ரூபின் ஆய்வகம் இந்த அவகாசத்தை இன்னும் நீட்டும். இருந்தாலும் சில ஆண்டுகள் கிடைத்தாலே பெரிது.

சில ஆண்டுகள் ஏன் போதாது? ஒரு பொருளை பூமியின் ஆரம் அளவுக்கு விலக்க வேண்டுமென்றால், பத்து ஆண்டு அவகாசத்தில் அதன் வேகத்தை நொடிக்கு 2 செ.மீ. மாற்றினால் போதும். ஓர் ஆண்டுதான் இருக்கிறது என்றால் 20 செ.மீ. வேண்டும். 2022 செப்டம்பர் 26 அன்று டார்ட் விண்கலம், ஒரு சிறுகோளைச் சுற்றிவரும் டைமார்ஃபஸ் என்ற சிறு நிலாவின் மீது மோதி அதன் சுற்றுக்காலத்தை 33 நிமிடம் குறைத்தது பெரிய சாதனைதான், ஆனால் வேகத்தில் ஏற்பட்ட மாற்றம் நொடிக்கு 2.7 மில்லிமீட்டர். டைமார்ஃபஸின் எடை சுமார் 43 லட்சம் டன். நாம் மேலே பார்த்த 1 கி.மீ. வால்நட்சத்திரம் அதைவிட எழுபது மடங்கு கனமானது. ஆகவே அப்படி ஒன்று இரண்டு ஆண்டு அவகாசத்தில் நேராக வந்தால், அதைத் திருப்ப இன்றைக்கு நம்மிடம் தயாரான வழி இல்லை. அந்த வாய்ப்பு மிகச் சிறியது என்பதும், வந்தால் கையில் ஆயுதம் இல்லை என்பதும் ஒருசேர உண்மை.

கணக்கிலும் ஒரு சிக்கல் உண்டு. வால்நட்சத்திரத்தின் மேற்பரப்பிலிருந்து பீறிடும் வாயு ராக்கெட்போல் அதைத் தள்ளிக்கொண்டே இருக்கும், ஈர்ப்பை மட்டும் வைத்துப் போட்ட பாதை நழுவும். கருவைச் சுற்றிய ஒளிமூட்டத்தில் கரு சரியாக எங்கே இருக்கிறது என்பதும் தெளிவாகத் தெரியாது. 1992இல் திரும்பி வந்த ஸ்விஃப்ட்–டட்டில் என்ற வால்நட்சத்திரம் 2126 ஆகஸ்டில் மோதலாம் என்று முதலில் செய்தி பரவியதற்கு இத்தகைய நழுவலே காரணம். பழைய பதிவுகளையும் சேர்த்துக் கணக்கிட்ட பிறகு அது விலகிவிட்டது.

"முதலில் வாய்ப்பு கூடியது, பிறகு திடீரென்று பூஜ்யம் என்றார்கள், மறைக்கிறார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். 2024 ஒய்ஆர்4 என்ற சிறுகோளைத்தான் சொல்கிறீர்கள் என்று நினைக்கிறேன். 2024 டிசம்பர் 27 அன்று கண்டுபிடிக்கப்பட்டது, 2032 டிசம்பர் 22 அன்று மோத 3.1 சதவீத வாய்ப்பு என்று 2025 பிப்ரவரியில் ஏறியது, சில நாளில் இறங்கிவிட்டது. மோதக்கூடிய பாதையில் தெற்காசியாவும் இருந்ததால் நம் ஊரில் பேச்சு அதிகம். ஏறி இறங்கியதற்குக் காரணம் எளிது. கரைவலையை இழுக்க இழுக்க வலை வளைத்திருக்கும் பரப்பு சுருங்குகிறது. உள்ளே ஒரு மிதவை இன்னும் அகப்பட்டிருந்தால், அந்தச் சிறிய பரப்பில் அதன் பங்கு கூடிக்கொண்டே போகும், வலைவிளிம்பு அதைத் தாண்டிய நொடியில் பங்கு இல்லாமல் போய்விடும். வலை, அந்தப் பொருள் இருக்கக்கூடிய இடம். மிதவை, பூமி. புதிய அவதானிப்பு ஒவ்வொன்றும் ஓர் இழுப்பு. இதே நிகழ்வு 2004 டிசம்பர் 27 அன்றும் நடந்தது. அப்போபிஸ் சிறுகோள் 2029இல் மோத 2.7 சதவீத வாய்ப்பு என்று அன்று கணக்கு வந்தது, முந்தைய நாள்தான் சுனாமி அடித்திருந்ததால் இந்தப் பக்கத்தில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. அதே ஆண்டு மார்ச்சில் தற்செயலாகப் பதிவாகியிருந்த படங்கள் கிடைத்ததும் அந்த மோதல் இல்லை என்று ஆனது. 2029 ஏப்ரல் 14 அதிகாலை, நம் நேரப்படி, அது சுமார் 32,000 கி.மீ. உயரத்தில் கடந்து போகும். மோதாது.

மறைக்க முடியாது என்பதற்குக் காரணம் யாருடைய நல்லெண்ணமும் அல்ல, வேலை நடக்கும் முறையே அப்படி. உலகெங்கும் உள்ள தொழில்முறை வானியலாளர்களும் ஆர்வலர்களும் எடுக்கும் அளவீடுகள் சிறுகோள் மையத்துக்குப் போய், உடனுக்குடன் பொதுவில் வெளியாகின்றன. அவற்றை எடுத்து யாரும் தாமாகவே கணக்கிடலாம். நம் மாநிலத்தில் வாணியம்பாடி அருகே காவலூர் ஆய்வகத்திலிருந்து 1988இல் கண்டுபிடித்த சிறுகோளுக்கு ராமானுஜன் பெயர் இருக்கிறது. அடுத்த வீடியோ வரும்போது முதலில் பொருளின் முழுப் பெயரைத் தேடுங்கள். சி என்றால் நீண்டகால வால்நட்சத்திரம், பி என்றால் திரும்பத் திரும்ப வருவது, பிறகு ஆண்டு, எந்த அரைமாதம் என்பதற்கு ஓர் எழுத்து, அந்த அரைமாதத்தில் எத்தனையாவது என்பதற்கு ஓர் எண். பெயர் சொல்லாத வீடியோவை அத்தோடு விட்டுவிடலாம். பெயர் இருந்தால் நாசாவின் ஜேபிஎல் சிறு பொருள் தரவுத்தளத்தில் போட்டுப் பாருங்கள். பூமியின் பாதையை எவ்வளவு நெருங்குகிறது, பாதை எவ்வளவு உறுதி என்பது 0 முதல் 9 வரை எந்த எண்ணில் இருக்கிறது (0 மிக உறுதி), எத்தனை நாள் அவதானிப்பை வைத்துக் கணக்கிட்டார்கள் என்று அதில் இருக்கும். ஒரு வாரத்துக்குக் குறைந்த அவதானிப்பில் வரும் எந்த மோதல் எச்சரிக்கையும் மாறக்கூடியது.

உங்கள் கரைக்கு வருவோம். மண்டபம், பாம்பன் பக்கம் வடகடல் என்றும் தென்கடல் என்றும் பிரித்துச் சொல்வார்களே, அந்தப் பிரிவு இந்தக் கணக்குக்கும் பொருந்துகிறது. வடகடலான பாக் ஜலசந்திப் பக்கத்தில் ஆழம் பெரும்பாலும் ஏழு பாகத்துக்குள், அதாவது 13 மீட்டருக்குள்தான். 1 கி.மீ. பொருளுக்கு அந்த நீர் ஒரு பொருட்டே இல்லை, அது தரையில் விழுவதற்குச் சமம். பாதிப்பு அதிர்ச்சி அலையாலும் வெப்பத்தாலும் வரும், மாவட்டமே தாங்காது. மன்னார் வளைகுடாவில் தெற்கே போகப் போக ஆயிரம் மீட்டருக்கு மேல் ஆழம் உண்டு, அங்கே விழுந்தால் பேரலை எழும். ஆனால் 2004 சுனாமியை மனதில் வைத்து அதை அளக்க வேண்டாம். அன்று ஆயிரம் கி.மீ.க்கு மேற்பட்ட நீளத்துக்குக் கடல்தளம் உடைந்தது, எழுந்த அலையின் நீளம் நூற்றுக்கணக்கான கி.மீ. மோதலால் எழும் அலை சில கி.மீ. அகலக் குழியிலிருந்து வருவது, தூரம் போகப் போக வேகமாக வலுவிழக்கும். எவ்வளவு வேகமாக என்பதில்தான் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு. 200 மீட்டருக்குக் குறைந்தவை பெரிய சுனாமியை எழுப்பாது என்பது பெரும்பாலான கணினிக் கணக்குகளின் முடிவு. இந்தக் கரையைப் பொறுத்தவரை, 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியை அழித்ததுபோன்ற புயல்தான் ஒப்பிடவே முடியாத அளவுக்கு நிகழ வாய்ப்புள்ள ஆபத்து. புயல் எச்சரிக்கைக் கொடிக்குக் கொடுக்கும் கவனத்தில் ஒரு துளியையும் வால்நட்சத்திரத்துக்காகக் குறைக்காதீர்கள்.

நிகழக்கூடியது என்று நான் கருதுவது 20 மீட்டர் அளவுச் சிறு பொருள். 2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க்கில் அப்படி ஒன்று சூரியன் இருக்கும் திசையிலிருந்து வந்ததால் யாருக்கும் முன்பே தெரியவில்லை. சுமார் 30 கி.மீ. உயரத்தில் வெடித்தது. காயமடைந்த ஏறக்குறைய 1,500 பேரில் பெரும்பாலோர் ஒளியைப் பார்த்து ஜன்னலுக்கு ஓடியவர்கள், ஓரிரு நிமிடம் கழித்து வந்த அதிர்வில் கண்ணாடி உடைந்து அடித்தது. சூரியனைவிடப் பிரகாசமாக வானில் ஒரு கோடு தெரிந்தால் கண்ணாடியை விட்டு விலகி, தரையில் படுத்து, ஐந்து நிமிடம் அப்படியே இருங்கள்.

அடுத்த வால்நட்சத்திரத்தை நன்றாகப் பார்க்க உங்கள் கரை அருமையான இடம். 9 டிகிரி அட்சரேகையில் கோள்கள் போகும் பாதை அடிவானத்திலிருந்து செங்குத்தாக எழும், சூரியனுக்கு அருகில் இருக்கும் வால்நட்சத்திரம் ஐரோப்பாவைவிட இங்கே உயரமாகத் தெரியும். விடியலில் பார்க்க தேவிபட்டினம், தொண்டி, ராமேஸ்வரம் கிழக்குக் கரை. மாலையில் பார்க்கப் பாம்பன் அருகே குந்துகால். அரிச்சல்முனைக்கு இருட்டிய பிறகு விடமாட்டார்கள், அதை நம்பித் திட்டமிடாதீர்கள். வாடைக்காலத்து மேகம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கெடுக்கும், கச்சான் வீசும் மாதங்களில் தூசி அடிவானத்தை மறைக்கும், ஜனவரி முதல் ஏப்ரல் வரை நல்லது. 7×50 அல்லது 10×50 பைனாகுலர் போதும். உப்புக்காற்றில் கண்ணாடியில் படலம் படியும், அதை உலர்ந்த துணியால் துடைத்தால் மணல் கீறிவிடும். முதலில் ஊதி மணலைப் போக்கி, பிறகு வடிநீரில் நனைத்த மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள். சூரியன் எழுவதற்குப் பத்து நிமிடம் முன்பே பைனாகுலரைக் கீழே வைத்துவிட வேண்டும், ஒரு நொடி சூரியன் பட்டாலும் பார்வை போய்விடும். கேமராவில் 50 மி.மீ. லென்ஸ் என்றால் முக்காலியில் வைத்து 5 நொடி, ஐஎஸ்ஓ 1600. வால் சூரியனுக்கு எதிர்ப்பக்கம் நீளும், ஆகவே விடியலில் அது மேல்நோக்கி இருக்கும்.

பட்டியலில் இல்லாத ஒன்றைப் பார்த்ததாகத் தோன்றினால் ஒரு மணி நேர இடைவெளியில் இரண்டு படம் எடுங்கள். அந்தி வெளிச்சத்தில் மின்னும் விமானப் புகைக்கோடு சில நிமிடத்தில் நகர்ந்து கலைந்துவிடும். லென்ஸுக்குள் தெறிக்கும் ஒளி கேமராவைச் சற்றே திருப்பினால் எதிர்ப்பக்கம் ஓடும். விண்மீன் கொத்தும் பால்வெளிகளும் இரண்டு படத்திலும் அதே விண்மீன்களுக்கு நடுவே அப்படியே இருக்கும். இந்த மூன்றும் இல்லை, விண்மீன்களுக்கு நடுவே அது சிறிது நகர்ந்தும் இருக்கிறது என்றால், நேரம் நொடி வரை, இடம், திசை, லென்ஸ் விவரம் ஆகியவற்றோடு மூலப் படங்களைத் திருத்தாமல் பெங்களூரில் உள்ள இந்திய வான் இயற்பியல் நிறுவனத்துக்கு அனுப்புங்கள்.